ஆளியா, சொடுக்கியா, விசையா?

உடல் அசைவு குறைந்தவர்கள் கணினியை இயக்கத் தட்டும் ஒற்றை ஸ்விட்சுக்கு (assistive switch) தமிழ்ப் பேர் தேடுகிறோம். அதுபற்றி வந்த கேள்விகளும் என் பதிலும்.

> ‘உதவி ஆளி’ என்றே வைக்கலாமே? இலங்கையில் ஸ்விட்சுக்கு ஆளி புழக்கத்தில் இருக்கிறது.

வணக்கம் ஐயா. சுவரில் இருக்கும் ஸ்விட்சுக்கு ஆளி சரி. போட்டால் போட்டபடி நிற்கும். நாம் பேர் தேடுவது அழுத்தம் விட்டதும் தானே திரும்பிவிடும் பொருளுக்கு. தவிர நோயாளி, தொழிலாளி வரிசையில் காது ஆளைத்தான் கேட்கும். கோத்தகிரியில் ஒரு வீட்டில் ‘உதவி ஆளி எங்கே’ என்றால் கூடமாட இருப்பவரைத் தேடுவார்கள்.

‘சொடுக்கி’யும் பொருந்தாது, சொடுக்க விரல் வேண்டும். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர் இமையால், கன்னத்தால், குழாயில் ஊதி இயக்குகிறார். ஸ்டீபன் ஹாக்கிங் கை ஓய்ந்தபின் கண்ணாடியில் மாட்டிய அகச்சிவப்பு உணரியைக் கன்னத் தசையால் இயக்கித்தான் எழுதினார்.

‘குறிப்பு விசை’ என்பது என் பரிந்துரை. 3.5 மி.மீ. மோனோ பின், இரண்டு கம்பி, அவ்வளவுதான் பொருள். இணைப்புப் பெட்டியில் செருகினால் கணினிக்கு அது வெறும் ஸ்பேஸ் அல்லது என்டர் விசை.

ஸ்கேனிங்குக்கு ‘வருடல்’ வேண்டாம், அது படம் எடுக்கும் பெட்டிக்குப் போய்விட்டது. இங்கே வெளிச்சம் முதலில் வரி வரியாக, தட்டிய வரிக்குள் கட்டம் கட்டமாக நகர்கிறது, வேண்டியது வரும்போது தட்டுகிறார்: ‘நகர்தெரிவு’. ஒரு வரியில் அல்லது கட்டத்தில் தங்கும் நேரம் ‘நிற்பு’. 216 உயிர்மெய்யையும் 18 வரி, 12 கட்டமாக அடுக்கினால் 1.5 நொடி நிற்பில் ‘னௌ’ வர 45 நொடி. உயிர், மெய், ஆய்தம் 31 மட்டும் 6 வரியில், வரிக்கு 6 கட்டத்துக்குள் வைத்தால் அவற்றில் எந்த எழுத்தும் 18 நொடிக்குள். உயிர்மெய்க்கு மெய்யும் உயிருமாக இரண்டு தெரிவு.

> குறிப்பு என்றால் நோட்ஸ் என்று படிக்க மாட்டார்களா?

குறிப்பறிந்து நடப்பது என்கிறோமே, அந்தக் குறிப்பு. விசை பக்கத்தில் நின்றால் குழப்பமில்லை.

பழுதுகளுக்கும் சொல் வேண்டும். நடுங்கும் தசை ஒரு தட்டை இரண்டாக்கும். அரை நொடிக்குள் வரும் அடுத்ததைப் புறக்கணிக்கும் அமைப்பு ‘மறுதட்டுத் தடை’. ஊட்டிக் குளிரில் விடியற்காலை தசை விறைத்திருக்கும், மதியம் பொருந்திய நிற்பு அப்போது போதாது. அதனால் ‘காலை நிற்பு’, ‘பகல் நிற்பு’ என இரண்டு அமைப்பைச் சேமித்து வைப்பது நல்லது. ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் அகச்சிவப்பு உணரி சும்மாவே தட்டும். இது ‘பொய்த்தட்டு’. கம்பளிக்குள் வயர் மாட்டிப் பின் கழன்றால் தட்டே வராது, அதற்குத் தனிச்சொல் வேண்டாம். வயரைக் கட்டில் சட்டத்தில் கட்டினால் போதும்.

ஊதும் வகைக்கு ‘ஊதல் விசை’. குளிரில் மூச்சின் ஈரம் குழாய்க்குள் நீராகத் தங்கி அழுத்தத்தை மறைக்கும். தினமும் கழற்றி உலர்த்த வேண்டும். உறிஞ்சுவதும் உண்டே என்று யாராவது ‘ஊதுறி’ எனச் சுருக்க வேண்டாம், சமையலறையில் தொங்கவிட்டுவிடுவார்கள்.