புதுப்பிப்பு: மக்னீசியம் குடிநீர் தெளியாமல் இருப்பது ஏன்?

சோடா நீரில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு தூளைச் சேர்த்து மக்னீசியம் பைகார்பனேட் நீர் தயாரிக்கும் முறையை முந்தைய பதிவில் விளக்கியிருந்தேன். பல மணி நேரம் கழிந்தும் நீர் பால்போலக் கலங்கியே இருப்பதாகச் சிலர் தெரிவித்ததால் இந்த விளக்கத்தைச் சேர்க்கிறேன்.

அந்தத் தூள் வெறும் நீரில் கரைவது மிக அரிது. கரியமில வாயுவுடன் வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறினால் மட்டுமே அது முழுமையாகக் கரையும். 1 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 1.5 கிராம் வாயு செலவாகும் என்பதால், வாயு இறங்கிப்போன சோடாவை எவ்வளவு குலுக்கினாலும் பயனில்லை. குளிர்ந்த நீரே வாயுவை அதிகமாகத் தக்கவைக்கும். ஆகவே நன்கு குளிரூட்டிய 1 லிட்டர் சோடாவைத் திறந்தவுடன், உணவுத் தரமுள்ள தூள் 1 கிராமைச் சிறிது நீரில் குழைத்து ஊற்றி, இறுக மூடிக் குலுக்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, தெளியும்வரை இடையிடையே குலுக்க வேண்டும். பின்னர் சூடாக்கினால் வாயு வெளியேறி, மக்னீசியம் கார்பனேட்டாக மீண்டும் படிந்துவிடும்.

இவ்வாறு கிடைக்கும் 1 லிட்டரில் சுமார் 417 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கும். அதில் 100 மில்லிலிட்டரை 900 மில்லிலிட்டர் குடிநீரில் கலப்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. இதற்கு மாற்றாக எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) எளிதில் கரைந்தாலும் கசக்கும், அளவு கூடினால் பேதியும் ஆகும்; நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த நீரைத் தொடவே வேண்டாம்.