புதுப்பிப்பு: டயாலிசிஸ் குழாய் வழியாக வந்த இரத்தத் தொற்று

கழுத்தில் டயாலிசிஸ் குழாய் பொருத்தியிருக்கும் என் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருவது ஏன் என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். காரணம் இப்போது தெரிந்துவிட்டது.

ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே குழாயிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. குழாயில் எடுத்த இரத்தத்தில் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முந்தி வளர்ந்ததால், தொற்று குழாயிலிருந்தே பரவுகிறது என்று மருத்துவர் உறுதிசெய்தார்.

வீட்டில் மற்றவர்களுக்கும் பரவுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த இரத்தத் தொற்று மூச்சுக்காற்றால் பரவுவதில்லை. ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் மூவரின் மூக்கில் சாதுவாக வாழும் இந்தக் கிருமி, கைகள் மூலமாகவோ நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தோ குழாயின் வாய்க்குச் சென்று, உட்சுவரில் பிசின் போன்ற படலம் கட்டிக்கொள்கிறது. மருந்து அதனுள் எளிதில் ஊடுருவாது. ஆகவே குழாயையே அகற்றிவிட்டார்கள்.

கைகழுவுதல், தோலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பூசுதல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல் முதலிய எளிய நடைமுறைகளாலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியுக்களில் (தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்) இத்தகைய தொற்று பெருமளவு குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வொரு டயாலிசிஸ் மையமும் இவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதய வால்வுகள் பாதிக்கப்படவில்லை என்று தெரிந்தது. மறு கல்ச்சரில் கிருமி இல்லை; அந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் ஊசி மருந்து தொடரும். அடுத்து, குழாய்க்குப் பதிலாக டயாலிசிஸ் செய்ய, கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைக்கவிருக்கிறார்கள்.