முதலில் வந்தது யார் கை?

வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று எதிலாவது மாட்டியவர்கள், உங்களுக்கு முதலில் கை கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் தண்ணீர் மோட்டார். இரவு பதினொரு மணிக்குத்தான் போடுவார். என் படுக்கையறைச் சுவர் அதிரும். அந்த இரவு ஆற்றுவெள்ளம் தெருவுக்குள் வந்தபோது, இரண்டு மணிக்கு முழங்கால், மூன்றரைக்கு இடுப்பு. அம்மாவால் நடக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை, அவருக்கு உண்டு. கூப்பிடலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறென்ன!

அதற்குள் மதிலுக்கு மேலே டார்ச் வெளிச்சம். "அம்மாவை எப்படித் தூக்கப்போகிறீர்கள்?" நலம் விசாரிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை, நேராக அந்தக் கேள்விதான். பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, போர்வையால் சேர்த்துக் கட்டி, ஆளுக்கு இரண்டு கால் பிடித்துத் தூக்கினோம். தண்ணீருக்குள் எதுவும் தெரியவில்லை. அவர் காலால் துழாவித் துழாவி, "படி... இன்னொரு படி... தரை" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். மீட்புப் படகு மறுநாள் பிற்பகல்தான் வந்தது. குறை சொல்லவில்லை, அவர்களுக்கு எத்தனையோ தெரு. ஜப்பானில் 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தானாம். படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை.

*

எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை. நான் கொடுக்கப் போனவன். நிலச்சரிவில் மண் அள்ளும் வேலை. ஒருவர் வாளியை நிரப்ப, வரிசையில் கைமாறிக் கைமாறிக் கீழே போகும். எனக்கு முன்னால் நின்றவர் பெயர்கூடத் தெரியாது. என் உள்ளங்கை கிழிந்ததைப் பார்த்துவிட்டுத் தன் ஒரு கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். மீதி நாள் முழுக்க ஆளுக்கொரு கையுறை.

மூன்றாம் நாள் மேலே இருந்தவர் சட்டென்று கையை உயர்த்தினார். இயந்திரங்கள் நின்றன. அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அடியிலிருந்து டொக், டொக் என்று ஏதோ சத்தம். தோண்டிப் பார்த்தால் உடைந்த குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. வாளி மறுபடி நகரத் தொடங்கியது.

மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தின்போது இடிபாடுகளுக்குள் வெறுங்கையோடு நுழைந்த சாதாரண ஆட்கள், பிறகு 'டோபோஸ்' (அகழெலிகள்) என்ற மீட்புக் குழுவானார்கள். 32 ஆண்டுகள் கழித்து அதே செப்டம்பர் 19 அன்று அங்கே மறுபடியும் பூமி அதிர்ந்தது. உயர்த்திய முஷ்டி என்றால் 'அமைதி' என்று தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய்தான் காதில் கேட்கும்.

*

எல்லோரும் நெகிழ்ந்துவிட்டீர்கள், நான் கொஞ்சம் கசப்பைச் சேர்க்கிறேன். நிவாரண முகாமில் எனக்குக் கிடைத்த வேலை, வந்து குவிந்த துணிகளைப் பிரிப்பது. கிழிந்தவை, பொத்தான் இல்லாதவை, ஒற்றைச் செருப்பு. வீட்டைக் காலி செய்ய இதுதான் சமயம் என்று சிலர் நினைத்துவிட்டார்கள் போல. இப்படி வந்து குவிவதை நிவாரணப் பணியில் இருப்பவர்கள் 'இரண்டாவது பேரிடர்' என்றே சொல்வார்கள்.

அங்கே ஒரு பெண்மணி வந்து நின்றார். துணி வாங்க வந்தவர் என்று நினைத்து, வரிசையைக் காட்டினேன். "வேலை ஏதாவது இருந்தால் கொடுங்கள் தம்பி. சும்மா உட்கார்ந்தால் வீடுதான் கண்முன் வருகிறது" என்றார். குழந்தைகளின் துணியை அளவு வாரியாக அவர் அடுக்கிய வேகத்தில் நான் பாதிகூட இல்லை.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு இப்போதும் பேச்சு உண்டா, அல்லது தண்ணீர் வடிந்ததும் அதுவும் வடிந்துவிட்டதா?

*

நியாயமான கேள்வி. 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியில் நிலநடுக்கம் வந்ததும் கிரேக்க மீட்புக் குழுவினர் ஓடிப்போனார்கள். மூன்றே வாரத்தில், செப்டம்பர் 7 அன்று, ஏதென்ஸ் அதிர்ந்தது, துருக்கியர்கள் ஓடிவந்தார்கள். நட்பு வளர்ந்ததென்னவோ உண்மை. இரண்டு நாட்டுக்கும் நடுவே இருக்கும் ஏஜியன் கடலைப் பற்றிய பழைய தகராறு மட்டும் இன்னும் தீரவில்லை.

எங்கள் கதையும் அப்படித்தான். மோட்டார் இப்போதும் இரவு பதினொரு மணிக்குத்தான் ஓடுகிறது. நான் மதிலருகே போய்ச் சத்தம் போடுவேன், அவரும் பதிலுக்குப் போடுவார். முடிந்ததும், "அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.