தேயிலை மலைய லைடர்ல ஸ்கேன் பண்ணோம், ஹைட் 94 மீட்டர் குறையுது, கானையும் காணோம்

அப்புத்தளைப்பொடியன்:
அண்ணன்மாரே வணக்கம். அப்புத்தளை பக்கம் ஒரு தோட்டத்துல வீட்டுத்திட்டத்துக்கு இடம் பார்க்க டிரோன் லைடர் (லேசர் அடிச்சு மேடுபள்ளம் அளக்குறது) ஓட்டினோம், ஆளுக்கு 7 பேர்ச்சஸ் கணக்கு, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) மேல உள்ள சரிவு. பாயின்ட் கிளவுட் (லேசர் பட்ட புள்ளிக் கூட்டம்) பார்க்க அழகாத்தான் இருக்கு ஆனா ரோட்டோரத்து பென்ச்மார்க் (உயரம் குறிச்ச சர்வே கல்லு) 1412 மீட்டர், ஸ்கேன்ல அதே கல்லு 1318ன்னு காட்டுது. அப்புறம் கிளவுட்கம்பேர் சாஃப்ட்வேர்ல சிஎஸ்எஃப் ஃபில்டர டிஃபால்ட்ல ஓட்டி தரையைப் பிரிச்சு கொன்டூர் (சம உயரக் கோடு) போட்டா மலை மொட்டைத்தலை மாதிரி வழுவழுன்னு வருது, தண்ணி ஓடுற கான் ஒண்ணுமே இல்ல, நான் இடறி விழுந்து முட்டி பேந்த கான் கூட இல்ல! பதினொரு மணிக்கு மேல பறந்த ஃபைல்ல ஆகாயத்துலயும் புள்ளி தொங்குது. ஸ்கேனர்தான் கோளாறா?

பென்ச்மார்க்_கல்லு:
ஸ்கேனர் மேல பழி போடாதீங்க தம்பி. ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் மாதிரி சாட்டலைட்) குடுக்குறது எலிப்சாய்ட் ஹைட், அதாவது பூமிக்குக் கணக்காப் போட்ட வழுவழு உருண்டைலருந்து அளந்தது, கல்லுல உள்ளது கடல்மட்டக் கணக்கு. உலகத்துலயே ஜியாய்ட் (அந்தக் கடல்மட்டப் பரப்பு) ரொம்பப் பள்ளமா இருக்குறது நம்ம இலங்கைக்குத் தெக்கே இந்து சமுத்திரத்துலதான், எலிப்சாய்டுக்கு 100 மீட்டருக்கும் கீழ போகுது, நாமளும் அந்தப் பள்ளத்து ஓரத்துலதான் குந்தியிருக்கோம். அதனால இங்க எப்பவும் எலிப்சாய்ட் ஹைட் 90 சொச்சம் மீட்டர் குறைச்சலாத்தான் வரும். ஈஜிஎம்2008 ஜியாய்ட் மாடலைப் போட்டு மாத்துங்க, ஆனா அதோட விட்டுறாதீங்க, கிட்ட உள்ள ரெண்டு மூணு பென்ச்மார்க்கோட ஒப்பிட்டு மிச்ச வித்தியாசத்தையும் சரிபண்ணணும். எஸ்எல்டி99லதான் (நம்ம நாட்டுப் புது ஆயத்தொலை முறை) எடுத்தீங்களான்னும் பாருங்க, அதுல ஃபால்ஸ் ஈஸ்டிங் (கிழக்குத் தூரத்தோட கூட்டுற எண்) 5 லட்சம் மீட்டர், பழைய கண்டவலை முறைல 2 லட்சம், பழைய பிளானோட சேர்க்கும்போது பலபேர் இதுலதான் மாட்டுவாங்க.

டோட்டல்ஸ்டேஷன்_மாமா:
இதுக்குத்தான் சொல்றது, நாலு பேர், ஒரு பிரிசம் (டோட்டல் ஸ்டேஷன் அளவைக் கருவி குறி பார்க்குற கண்ணாடி), ரெண்டு நாள், வேலை முடிஞ்சிரும். டிரோனாம் லைடராம்.

கவ்வாத்துக்கத்தி:
மாமா சொல்றதுல பாதி சரி, பாதி இல்ல, அம்புட்டு சரிவுல பிரிசம் புடிச்சிட்டு ஏறுறவன் நீங்க இல்லையே 😄

தம்பி, உங்க கொன்டூர் தரை இல்ல, கொழுந்து மட்டம். லைடர் மரத்துக்குள்ள பூந்து தரையைப் பார்க்கும்னு சொல்றது இலைக்கு நடுவுல ஓட்டை இருந்தாத்தான். காட்டு மரத்துல இருக்கும், இடுப்பளவு தேயிலை வாதும் வாதும் (கிளையும் கிளையும்) கோத்துக்கிட்டு நிக்கிற மலைல ரொம்பக் கம்மி. சிஎஸ்எஃப் செய்யிறது என்னன்னா கிளவுட்டைத் தலைகீழாக் கவுத்து மேல ஒரு துணியைப் போடுறது, அடியில தரைப் புள்ளியே இல்லன்னா அந்தத் துணி தேயிலை மேலதான் படுக்கும். டிஃபால்ட்ல துணிக் கண்ணி 2 மீட்டர், உங்க கான் அரை மீட்டர் அகலம் இருக்குமா? கண்ணியை 0.5க்கு இறக்குங்க, த்ரெஷோல்டை (துணிலருந்து எவ்வளவு தூரம் வரைக்கும் தரைன்னு எடுக்கணுங்கிறது) 0.5லருந்து 0.2க்கு, ஸ்டீப் ஸ்லோப்பைத் தெரிவு செய்யுங்க. ரொம்ப இறக்கினா துணி வாதுல போய் ஒட்டிக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஓட்டிப் பாருங்க. செடிக்கு அடியில கம்பை ஊனி ஒரு 40 இடத்துல மாமாவோட டோட்டல் ஸ்டேஷன்ல தரை ஹைட் எடுத்து ஒப்பிட்டீங்கன்னா எவ்வளவு பொய்னு தெரிஞ்சிரும்.

ஆகாயப் புள்ளி மிஸ்ட்டுதான், பனித்துளி லேசரைத் திருப்பி அனுப்புது. இன்டென்சிட்டி குறைஞ்சதை வெட்டி எஸ்ஓஆர் ஃபில்டர் (தனியாத் தொங்குற புள்ளியை நீக்குறது) போடுங்க. அதை விட விடியக்காலைல பறக்குறது நல்லம்.

இன்னொண்ணு, லயத்துக்கு மேல சரிவுன்னு சொல்றீங்க. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைல நடந்த மண்சரிவை மறந்துறாதீங்க. விரல் அகல வெடிப்பு ஒரு தடவை ஸ்கேன்ல தெரியாது, சில சென்டிமீட்டர் நாய்ஸுக்குள்ள அமுங்கிரும். மழைக்கு முந்தியும் பிந்தியும் எடுத்து எம்3சி2ல (ரெண்டு கிளவுட்டுக்கு நடுவுல உள்ள வித்தியாசத்தை அளக்குற டூல்) ஒப்பிட்டாத்தான் அசைவு தெரியும், அதுவும் தரைப் புள்ளி சரியா இருந்தாத்தான், இல்லன்னா கொழுந்து வளர்ந்ததைத்தான் மண் அசைஞ்சதுன்னு சொல்லும். இடம் சரியா இல்லையான்னு என்பிஆர்ஓதான் (தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்) சொல்லணும், கிளவுட் இல்ல.

ஆமா, அந்த மலை கவ்வாத்துக்கு (செடியை வெட்டி விடுறதுக்கு) எப்ப வருது? வெட்டின கையோட ஓட்டினா தரை அப்படியே தெரியும்.

அப்புத்தளைப்பொடியன்:
ஈஜிஎம்2008 போட்டதுல பென்ச்மார்க் கிட்டத்தட்ட உக்காந்துருச்சு, நன்றிண்ணே. கண்ணி 0.5ல கீழ ரெண்டு கான் தெரியுது, மேல இன்னும் மொட்டைதான். கங்காணிகிட்ட கேட்டேன், மேல் மலை அடுத்த மாசம் கவ்வாத்தாம், ஆனா வெட்டின வாதை அங்கயே பரப்பி விடுவாங்களாம். அதையும் ஸ்கேனர் தரைன்னு நினைக்குமோ?

கவ்வாத்துக்கத்தி:
நினைக்கும். வெட்டுறவங்களோடயே போங்க, பரப்புறதுக்கு முந்தி ஓட்டிருங்க.