எதிரெதிர் அரசியல் தரப்பினரின் உரையாடல் கூட்டம்: வசைச்சொல்லை எந்த இடத்தில் நிறுத்துவது?

வணக்கம் நண்பர்களே. இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்திப் பழகியவர்களின் யோசனை தேவை.

தரப்புக்கு 6 பேர், ஒன்றரை மணி நேரம், ஒருவருக்கு 2 நிமிடம். பதில் சொல்லுமுன் எதிராளி சொன்னதைத் தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் மறுப்புக்கு இடம். கணித உளவியலாளர் அனடோல் ராப்போபோர்ட் முன்வைத்த முறையை ஒட்டியது இது.

"துரோகி", "கைக்கூலி" போன்ற நேரடி வசைகள் பெரிய சிக்கல் இல்லை. "அவர் செய்த எந்தச் செயலைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சு ஆளை விட்டு விஷயத்துக்கு வந்துவிடும். "உங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான்" என்பதற்கும் இதே கேள்வி போதும்.

திருப்பிச் சொல்லும்போதே குத்துவதுதான் பெரிய தலைவலி. வரியைக் குறைக்கலாம் என்கிறார் ஒருவர். "அதாவது, ஏழைங்க எக்கேடு கெட்டாலும் பரவாயில்லைங்கிறீங்க" என்கிறார் அடுத்தவர். இதில் வசைச்சொல் எதுவுமே இல்லை, ஆனாலும் அவமானம் முழுசாக இருக்கிறது. எல்லார் முன்னாலும் கண்டித்தால் அவர் தரப்பு மொத்தமும் அவருக்காக வரிந்துகட்டுகிறது. இடைவேளை வரை பொறுத்தால், குத்துப்பட்டவர் வாயே திறப்பதில்லை. அவர் மௌனமாகிவிட்டால் கூட்டமே வீண்.

தரப்புக்கு ஒருவராக இரண்டு நெறியாளர்களை வைத்து, தன் தரப்பு ஆளைத் தானே திருத்தும்படி செய்தவர்கள் உண்டா? அப்போது சொந்தத் தரப்பின் கோபத்தை அந்த நெறியாளர் எப்படிச் சமாளித்தார்? தொடக்கத்திலேயே என்ன சொல்லி ஒப்புதல் வாங்கினீர்கள் என்பதையும் அதே வாசகத்தோடு எழுதுங்கள்.