144 போட்டால் போராடவே கூடாதா? பார்த்தவர்கள், வாதாடியவர்கள் பகிரலாம்

வக்காலத்து:
கூட்டம், போராட்டம் போன்றவற்றுக்குத் தற்காலிகத் தடை போட நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அதிகாரம் தரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, இப்போது அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் 163. வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கூட்டத்தை ரத்து செய்யாமல், முதலில் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து யாருடையது, எந்த எல்லைக்குள், எந்தத் தேதி வரை, என்ன காரணம் என்று பாருங்கள். உத்தரவின் ஆயுள் இரண்டு மாதம்; அதற்கு மேல் மாநில அரசு அறிவித்தால்தான் நீளும், அதுவும் கூடுதலாக ஆறு மாதம் வரைதான். ‘நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது’ என்று ஊரே சொல்லும். பிரிவில் அந்த எண்ணிக்கையே கிடையாது, உத்தரவில் எழுதினால்தான் உண்டு. வீட்டை விட்டு வெளியே வராதே என்கிற ஊரடங்கும் பெரும்பாலும் இதே பிரிவில்தான் வருகிறது.

வாய்தா:
பெரும்பாலும் சொதப்புவது காரணப் பகுதியில்தான். ‘சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படலாம்’ என்று ஒற்றை வரி. காஷ்மீர் கட்டுப்பாடுகள் பற்றிய அனுராதா பாசின் தீர்ப்பில் (2020) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: நியாயமான கருத்தையோ குறையையோ சொல்வதைத் தடுக்க 144-ஐப் பயன்படுத்தக் கூடாது, அடிப்படையான விவரங்களை உத்தரவிலேயே எழுத வேண்டும், திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம். ஆனால் பிரிவே செல்லாது என்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். மது லிமாயே வழக்கில் 1970-லேயே அது செல்லும் என்று முடிந்துவிட்டது. அரசியலமைப்பின் 19(1)-இல் பேச்சும் ஆயுதமின்றிக் கூடுவதும் உரிமை. 19(2), 19(3) ‘நியாயமான’ கட்டுப்பாட்டை அனுமதிக்கின்றன. அந்த ‘நியாயமான’ என்பதில்தான் சண்டை போட வேண்டும்.

கேஸ்கட்டு:
அண்ணே, மீறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இல் 223 (பழைய ஐ.பி.சி. 188): ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கு ஆபத்து, கலவரம் என்றால் ஓராண்டு, 5,000 ரூபாய். உத்தரவு இருந்தது தெரியும், தெரிந்தே மீறினார், அதனால் இடையூறு வந்தது அல்லது வரக்கூடும் என்பதெல்லாம் நிரூபணம் ஆக வேண்டும். உத்தரவு போட்ட அலுவலரோ, அவருக்கு மேலுள்ளவரோ, அவர் அதிகாரம் தந்த வேறு அரசு அலுவலரோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தந்தால்தான் வழக்கு நிற்கும். ஜீவானந்தம் வழக்கில் (2018) சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஓட்டையில்தான் எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்தது. மண்டபத்தில் அடைத்து மாலையில் அனுப்புவது வேறு கணக்கு. முன்னெச்சரிக்கைக் கைது என்றால் (பழைய 151, இப்போது பி.என்.எஸ்.எஸ். 170) 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வக்காலத்து:
உத்தரவு அமலில் இருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு, பலரும் மறந்துவிடுகிறார்கள். ரத்து செய்யவோ திருத்தவோ கேட்டு அதே நடுவரிடம் மனு கொடுக்கலாம். விரைவாக உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்தத் தாள்தான் முதல் ஆவணம். மனுவில் இடம், நேரம், வருவோர் எண்ணிக்கை, ஒலிபெருக்கி உண்டா, போக்குவரத்துக்கு வழி விடுவது எப்படி என்று எழுதுங்கள். சாலையைக் காலவரையின்றி மறிக்கும் திட்டம் மட்டும் வேண்டாம்; பொது வழியைக் காலவரையின்றி அடைத்துப் போராடக் கூடாது என்ற ஷாகீன் பாக் தீர்ப்பை (2020) எதிர்த்தரப்பு உடனே எடுத்து வைக்கும்.