புதுப்பிப்பு: லண்டனா டர்பனா, முடிவு எடுத்தாச்சு

லண்டனில் உதவித்தொகை இல்லாத ஓராண்டு முதுகலை. டர்பனில் தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகையோடு ஈராண்டு ஆராய்ச்சி முதுகலை. எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். டர்பனையே எடுத்துவிட்டேன்.

லண்டன் போகாமல் என்னை நிறுத்தியது பிரிட்டன் மாணவர் விசா கணக்குதான். கட்டணம் போக, ஒன்பது மாத வாழ்க்கைச் செலவை 28 நாள் வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு பவுண்டு எங்கள் பணத்தில் 20 ராண்டுக்கும் மேல். கடன் வாங்கினால் அப்பா டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டை ஈடு வைக்க வேண்டும். அவர் சரி என்றார், எனக்குத்தான் மனம் வரவில்லை.

உதவித்தொகையின் இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு என்ன நிபந்தனை என்று கேட்கச் சொன்ன அக்காவுக்குப் பெரிய நன்றி. முன்னேற்ற அறிக்கை திருப்தியாக இருந்தால் தொடரும் என்று எழுத்திலேயே வாங்கிவிட்டேன். இதே நிலையில் இருப்பவர்கள் கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேளுங்கள். அப்புறம், லண்டனுக்கு மறுப்பும் அனுப்பியாச்சு.